வில்லுக்கு ஏற்ற மரம்

சிறு வயதில் வில் செய்து விளையாடாதவர்கள் நம்மில் குறைவு. மூங்கில் பத்தை ஒன்றையோ, ஒடிந்த குடையின் கம்பியையோ வளைத்து, இரு முனைகளிலும் கயிற்றைக் கட்டி, துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியை அம்பாகத் தொடுத்திருப்பீர்கள். அப்போது மூன்று அனுபவங்கள் உங்களுக்கு ஏற்பட்டிருக்கும். வேலியோரம் கிடந்த காய்ந்த குச்சியை வளைத்தபோது அது படக்கென்று ஒடிந்தது. பச்சைக் குச்சியை வளைத்து நாணேற்றி, இரவு முழுதும் அப்படியே விட்டு, மறுநாள் கயிற்றை அவிழ்த்தபோது அது நிமிரவில்லை. தடித்த குச்சி ஒன்றை எடுத்தபோதோ அது ஒடியவும் இல்லை, வளையவும் இல்லை.

இந்த மூன்று குறைகளும் இல்லாத மரம் எது? விளையாட்டுப் பிள்ளைக்கு இது சிறிய கேள்வி. ஆனால் வேட்டையாடி உயிர் வாழ்ந்த பழங்கால மனிதனுக்கும், வில்லை நம்பிப் போரிட்ட அரசுகளுக்கும் இது வாழ்வா சாவா என்னும் கேள்வியாக இருந்தது. இதற்கு ஐரோப்பிய மக்கள் கண்ட விடை ஒன்று உண்டு. அந்த விடை சரியானதுதான். ஆயினும் அது மிகவும் சரியாக இருந்ததே ஒரு மரத்தின் அழிவுக்குக் காரணமாயிற்று. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

வில் என்னும் கருவி

நம் மொழியில் 'வில்' என்ற சொல் அம்பு எய்யும் கருவியை மட்டும் குறிப்பதன்று. எஃகுப் பட்டைகள் பொருத்திய மாட்டு வண்டியை வில்வண்டி என்கிறோம்; கடிகாரத்தில் உள்ளதைச் சுருள்வில் என்கிறோம். வளைக்கும்போது ஆற்றலைத் தன்னுள் தேக்கிக்கொண்டு, விட்டவுடன் அதைத் திருப்பித் தரும் பொருள் எதுவாயினும் அது வில்தான். மரவில்லும் அத்தகையதே. வீரன் தன் கை வலிமையால் நாணை மெதுவாக இழுக்கிறான். அந்த ஆற்றல் வளைந்த மரத்தில் தங்குகிறது. நாணை விட்டதும் அவ்வாற்றல் கண நேரத்தில் அம்புக்குச் செல்கிறது.

வளையும்போது மரத்தினுள் என்ன நிகழ்கிறது? எளிய சோதனை ஒன்று செய்து பாருங்கள். நீளமான அழிப்பான் ஒன்றின் பக்கவாட்டில், குறுக்காக நெருங்கிய கோடுகள் சிலவற்றைப் பேனாவால் வரையுங்கள். பிறகு அதை வளையுங்கள். வெளிப்புறத்தில் கோடுகள் ஒன்றைவிட்டொன்று விலகும். உட்புறத்தில் ஒன்றையொன்று நெருங்கும். நடுவில் மட்டும் மாற்றம் இராது. அதாவது வெளிப்புறம் இழுவிசைக்கும், உட்புறம் அமுக்கு விசைக்கும் உள்ளாகின்றன.

வில்லிலும் இதுவே நிகழ்கிறது. இலக்கை நோக்கி இருக்கும் வெளிப்புறத்தை வில்லின் முதுகு என்றும், எய்பவனை நோக்கி இருக்கும் உட்புறத்தை வில்லின் வயிறு என்றும் கூறுவர். முதுகு இழுபடுகிறது, வயிறு நசுக்கப்படுகிறது. ஆகவே நல்ல வில்லுக்கு உரிய மரம் ஒரே நேரத்தில் இரு வேறு சோதனைகளில் தேற வேண்டும்.

இங்குதான் இடர்ப்பாடு. மரம் இரு வகை விசைகளையும் ஒரே அளவில் தாங்குவதில்லை. ஒரு கைப்பிடி வைக்கோல் தாள்களை எடுத்து நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், எளிதில் அறாது. அதையே இரு முனைகளிலிருந்தும் அழுத்துங்கள், உடனே மடங்கிவிடும். மரமும் நுண்ணிய குழல்கள் சேர்ந்த கட்டுப் போன்றதே. உலர்ந்த, குறையற்ற மரம் இழையோட்டத்தின் திசையில் தாங்கும் இழுவிசை, அது தாங்கும் அமுக்கு விசையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். எனவே பெரும்பாலான வில்களில் முதலில் தளர்வது வயிற்றுப் பகுதியே. இழைகள் நசுங்கி மடிந்து, மெல்லிய குறுக்குக் கோடுகள் தோன்றும். பிறகு வில் நிமிராது, விசையும் குறைந்துவிடும். நாம் சிறு வயதில் செய்த பச்சைக் குச்சி வில் நிமிராமல் போனதும் இந்த வகையான தளர்ச்சியே.

ஒரு மரத்தில் இரு மரங்கள்

ஐரோப்பாவின் காடுகளில் யூ என்னும் மரம் ஒன்று உண்டு. தாவரவியலில் இதன் பெயர் டாக்சஸ் பக்காட்டா. ஊசியிலை மரங்களைச் சேர்ந்தது. ஆனால் பைன் மரத்தைப்போலக் கூம்பு காய்ப்பதில்லை. விதையைச் சுற்றிச் சிவந்த, சதைப்பற்றுள்ள கிண்ணம் போன்ற உறை இருக்கும். அந்தச் செந்நிற உறையைத் தவிர இலை, பட்டை, விதை யாவும் நஞ்சு. குதிரையும் மாடும் இதன் தழையைத் தின்று இறப்பதுண்டு. பெரிய மரங்களின் நிழலில், மிக மெதுவாக இது வளரும்.

யூ மரத்தை வெட்டிப் பார்த்தால் இரண்டு நிறங்கள் தெளிவாகத் தெரியும். பட்டையை அடுத்து வெளிர் மஞ்சள் நிறத்தில் மெல்லிய வளையம், இது சாற்றுக்கட்டை. நம் தச்சர்கள் இதனை வெளிறு என்பர். அதனுள்ளே செம்மை கலந்த பழுப்பு நிறத்தில் வைரக்கட்டை. சாதாரணத் தச்சு வேலையில் வெளிற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் பயன்படுத்துவதே வழக்கம். வில் செய்பவனோ இரண்டையும் போற்றினான். ஏனெனில் யூ மரத்தின் சாற்றுக்கட்டை இழுவிசையை நன்கு தாங்கும். வைரக்கட்டை அமுக்கு விசையை நன்கு தாங்கும். இரண்டும் சேர்ந்திருக்கும் இடத்தில் கட்டையைப் பிளந்து, வெளிறு முதுகாகவும் வைரம் வயிறாகவும் அமையுமாறு செதுக்கினால், ஒட்டு வேலை எதுவும் இன்றி இரு பொருள்களால் ஆன வில் கிடைத்துவிடுகிறது.

மற்றொரு சிறப்பும் உண்டு. பொதுவாகக் கனமான மரம் விறைப்பாக இருக்கும். யூ மரம் இதற்கு விலக்கு. தன் அடர்த்திக்கு எதிர்பார்க்கத்தக்க அளவுக்கு அது விறைப்பாக இருப்பதில்லை. அதன் செல் சுவர்களிலுள்ள செல்லுலோஸ் நுண்ணிழைகள் மற்ற ஊசியிலை மரங்களில் இருப்பதைவிட அதிகச் சாய்வாகச் சுற்றப்பட்டிருப்பதே இதற்குக் காரணம் என்று மர நுண்ணாய்வு காட்டியுள்ளது. ஆகவே அது மிகுதியாக வளைந்தும் ஒடியாமல் நிற்கிறது.

இதே தத்துவத்தை மரமே அரிதான ஆசியப் புல்வெளி மக்கள் வேறு வழியில் கண்டனர். அவர்கள் மெல்லிய மரத்தின் வயிற்றுப் புறத்தில் கொம்புத் தகட்டையும், முதுகுப் புறத்தில் விலங்கின் தசை நாரையும் ஒட்டினர். கொம்பு அமுக்கத்தைத் தாங்கும். தசைநார் இழுப்பைத் தாங்கும். புல்வெளி மனிதன் பசை கொண்டு ஒட்டிச் செய்ததை, யூ மரத்தில் இயற்கையே செய்து வைத்திருந்தது எனலாம்.

பனியில் கிடைத்த சான்று

இவ்வறிவு எவ்வளவு பழமையானது? 1991-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையில், ஆல்ப்ஸ் மலையில் 3,210 மீட்டர் உயரத்தில் பனி உருகிய இடத்தில் ஒரு மனித உடல் காணப்பட்டது. அவன் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன் என ஆய்வுகள் தெரிவித்தன. ஏட்ஸி என்று இன்று அழைக்கப்படும் அம்மனிதனின் உயரம் சுமார் 1.6 மீட்டர். அவன் அருகில் கிடந்த வில்லின் நீளமோ சுமார் 1.8 மீட்டர். அது யூ மரத்தால் ஆனது. முற்றிலும் செதுக்கி முடிக்கப்படாத அக்கட்டையில் கருவி பட்ட தடங்கள் அப்படியே இருந்தன. அவனுடைய செப்புக் கோடரியின் பிடியும் யூ மரமே.

அவன் அம்புக்கூட்டில் 14 அம்புகள் இருந்தன. அவற்றுள் இரண்டு மட்டுமே முனையும் இறகும் பொருத்தப்பட்டு முடிந்தவை. அம்புத் தண்டுகளுக்கு அவன் யூ மரத்தைப் பயன்படுத்தவில்லை. வைபர்னம் என்னும் புதர்ச்செடியின் நேரான இளங்கிளைகளைத் தேர்ந்திருந்தான். வில்லுக்கு ஒரு மரம், அம்புக்கு வேறு மரம் என்னும் தேர்ச்சி அன்றே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதற்கும் முற்பட்ட சான்று டென்மார்க்கில் உண்டு. 1944-ஆம் ஆண்டு ஹோல்மகார்டு என்னும் இடத்தில் சதுப்பு நிலத்திலிருந்து எடுக்கப்பட்ட வில்கள் ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையுடையவை. அவை எல்ம் என்னும் மரத்தால் ஆனவை. எல்ம் மரத்தின் இழைகள் வலுவானவை, இழுப்பைத் தாங்கும். ஆனால் யூ மரத்தைப்போல அமுக்கத்தைத் தாங்காது. அக்காலக் கைவினைஞன் இதற்கு என்ன செய்தான்? வில்லின் கைகளை அகலமாகவும் தட்டையாகவும் செதுக்கினான். மெல்லிய பட்டை வளையும்போது அதன் மேற்பரப்பு குறைவாகவே நெருக்கப்படும். அகலம் கூடுவதால் வலிமையும் குறையாது. மரம் மாறினால் வில்லின் வடிவமும் மாற வேண்டும் என்பதை அவன் கணக்கின்றியே அறிந்திருந்தான்.

கட்டையைத் தேர்ந்தெடுக்கும் முறை

யூ மரம் என்றால் எல்லாக் கட்டையும் வில்லாகிவிடாது. கைவினைஞன் முதலில் பார்ப்பது நேரான அடிமரம். கிளை விட்ட இடங்களில் மரத்தினுள் கணு இருக்கும். கணுவைச் சுற்றி இழைகள் திசை மாறி ஓடுவதால், வில் அங்கேதான் ஒடியும். ஆதலால் இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கணு குறைந்த பகுதி தேவை. யூ மரமோ அடியிலிருந்தே கிளை விடும் இயல்புடையது. நெருங்கிய காட்டில், நிழலில் வளர்ந்த மரத்தில்தான் அத்தகைய பகுதி கிடைக்கும்.

இரண்டாவது, ஆண்டு வளையங்கள். குளிர்ந்த உயர்மலைச் சரிவில் யூ மரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பருக்கக்கூடும். வளையங்கள் நெருங்கி, கட்டை அடர்த்தியாக இருக்கும். தாழ்ந்த, ஈரமான நிலத்தில் விரைந்து வளர்ந்த மரத்தில் வளையங்கள் அகன்று, கட்டை மென்மையாகிவிடும். ஆனால் இந்த விதி எல்லா மரங்களுக்கும் பொருந்தாது. ஆஷ், எல்ம் போன்ற அகன்ற இலை மரங்களில் ஒவ்வோராண்டும் வசந்தத்தில் துளை மிகுந்த அடுக்கு ஒன்று உண்டாகிறது. வளர்ச்சி மிகக் குறைந்தால் துளை அடுக்குகளே மிஞ்சும். எனவே அம்மரங்களில் வளையம் ஓரளவு அகன்றிருப்பதே நல்லது.

மூன்றாவது, பிளக்கும் முறை. வாளால் அறுத்தால் இழைகள் இடையிடையே வெட்டுப்படும். ஆப்பு வைத்துப் பிளந்தால் பிளவு இழையோட்டத்தின் வழியே செல்லும். பிளக்கும்போது முறுக்கிக்கொண்டு போகும் கட்டையை ஒதுக்கிவிடலாம். பிளந்த கட்டையை வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் மாதக் கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக் கணக்கில் உலர்த்துவர். விரைந்து உலர்த்தினால் வெடிக்கும். ஈரம் மிகுந்திருந்தால் வில் நிமிராது. ஒரேயடியாக வறண்டுவிட்டால் ஒடியும்.

பின்னரே செதுக்குதல். முதுகுப் புறத்தில் ஒரே ஆண்டு வளையம் முனைக்கு முனை அறுபடாமல் ஓடுமாறு விட்டு, வயிற்றுப் புறத்தில் சிறிது சிறிதாக இழைப்பர். இடையிடையே நாண் கட்டி இழுத்து, இரு கைகளும் ஒரே சீராக வளைகின்றனவா என்று பார்ப்பர். ஓரிடம் மட்டும் அதிகமாக வளைந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களை இழைப்பர். செதுக்கி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாதல்லவா? பொறுமையே இத்தொழிலின் முதல் கருவி.

அம்புக்கு உரிய மரம்

அம்பு வளையாத குச்சி என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், நாணை விட்ட கணத்தில் அம்பும் வில்போலவே வளைகிறது. பின்னாலிருந்து நாண் தள்ளுகிறது. முன்னால் இரும்பு முனை தன் எடையால் தயங்குகிறது. இடையில் உள்ள தண்டு நெளிந்து, வில்லின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு சென்று, பிறகு அதிர்ந்தவாறே நிமிர்கிறது. உயர்வேகப் படக்கருவிகளில் இதைத் தெளிவாகக் காணலாம். அம்பு மிக விறைப்பாக இருந்தால் வில்லில் மோதி ஒரு பக்கம் விலகும். மிகத் துவண்டால் மறுபக்கம் விலகும். வலிய வில்லில் நொறுங்கியும் போகலாம். ஆகவே வில்லின் வலிமைக்குத் தக்க விறைப்புள்ள தண்டு தேவை. நேரான இழையோட்டமும் குறைந்த எடையும் இன்றியமையாதவை.

பாப்லர், ஆஸ்பென் ஆகிய மரங்கள் இலேசானவை. அம்பு தொலைதூரம் செல்லும். ஆஷ் மரம் கனமானது; அம்பு பலமாகத் தாக்கும். 1545-ஆம் ஆண்டு ரோஜர் ஆஷம் என்னும் ஆங்கிலப் புலவர் 'டாக்ஸோபிலஸ்' என்ற வில்வித்தை நூலை வெளியிட்டார். அதில் அம்புக்குப் பயன்படும் பல மரங்களை வரிசைப்படுத்தி, போர் அம்புகளுக்கு ஆஷ் மரமே சிறந்தது என்று பரிந்துரைத்தார். வில்லுக்கு அவர் தேர்ந்தது யூ மரமே.

அம்பு மரத்துக்காக அங்கே சட்டமே இயற்றப்பட்டது. 1416-ஆம் ஆண்டு, ஐந்தாம் ஹென்றி ஆட்சியில், பாதக்குறடு செய்வோர் ஆஸ்பென் மரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. மீறினால் 100 ஷில்லிங் அபராதம். அம்பு செய்ய அம்மரம் போதவில்லை என்பதே காரணம். சுமார் அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான், அம்புக்கு உதவாத ஆஸ்பென் கட்டையைக் குறடுக்குப் பயன்படுத்தலாம் என்று சட்டம் தளர்த்தப்பட்டது.

கடலடியில் ஒரு படைக்கலக் கொட்டில்

இங்கிலாந்தின் நெடுவில் வரலாற்றில் புகழ்பெற்றது. 1346-இல் கிரெசி, 1356-இல் பாய்ட்டியர்ஸ், 1415-இல் அஜின்கோர்ட் ஆகிய போர்களில் பிரெஞ்சுப் படைகளை ஆங்கிலேயர் வென்றதில் வில்லாளர்களின் பங்கு பெரிது. ஆனால் அக்கால வில் எத்தகையது என்பதை நேரில் காட்டும் சான்றுகள் நீண்ட காலம் மிக அரிதாகவே இருந்தன. மரம் மக்கிவிடும் பொருளன்றோ?

அக்குறையை ஒரு விபத்து தீர்த்து வைத்தது. 1545-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், எட்டாம் ஹென்றி மன்னரின் போர்க்கப்பலான மேரி ரோஸ், போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தை அடுத்த கடலில் மூழ்கியது. ஆஷம் தம் நூலை வெளியிட்ட அதே ஆண்டு. கப்பலில் இருந்த ஏறத்தாழ 500 பேருள் மிகச் சிலரே பிழைத்தனர். கப்பலின் ஒரு பக்கம் சேற்றில் புதைந்தது. சேற்றினுள் உயிர்வளி புகாமையால் மரம் மக்கவில்லை. 1982-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் அக்கப்பலின் எஞ்சிய உடல் மேலே தூக்கப்பட்டது. அகழாய்வில் 172 நெடுவில்களும் 3,500-க்கும் மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன.

வில்கள் யாவும் யூ மரத்தால் ஆனவை. நீளம் 1.87 மீட்டர் முதல் 2.11 மீட்டர் வரை. வயிற்றில் வைரமும் முதுகில் வெளிறும் அமைந்திருந்தன. வளையங்கள் நெருங்கி, கணு குறைந்திருந்தன. அம்புகளில் பெரும்பாலானவை பாப்லர் மரத்தாலானவை. ஆஷ் முதலிய மரங்களும் இருந்தன. புத்தகத்தில் ஆஷ் மரத்தைப் போற்றினாலும், படைக்கலக் கொட்டிலில் கிடைத்ததைக் கொண்டே பணி நடந்தது போலும்!

இவ்வில்களை முழுதும் இழுக்க 100 முதல் 185 பவுண்டு வரை, அதாவது 45 முதல் 84 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை தேவைப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டுள்ளனர். இன்றைய ஒலிம்பிக் வீரர்கள் பயன்படுத்தும் வில்லுக்கு இதில் பாதியும் வேண்டியதில்லை. ஒரு சிறு கணக்குப் போடுவோம். 72 கிலோகிராம் விசையுள்ள வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். இது சுமார் 700 நியூட்டன். நாண் பின்வரும் தொலைவு 60 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். விசை சுழியிலிருந்து சீராகக் கூடுவதால் சராசரியாகப் பாதியைப் பெருக்க வேண்டும். விடை 210 ஜூல். 21 கிலோகிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்குவதற்கு ஏறத்தாழ இவ்வளவு ஆற்றல் தேவை. அவ்வளவையும் கட்டைவிரல் பருமனைவிடச் சற்றே தடித்த மரக்கோல் ஒடியாமல் தேக்கி வைக்க வேண்டும். மற்ற மரங்கள் ஏன் போதவில்லை என்பது இப்போது விளங்கும்.

மரத்தைத் தேடிய அரசு

இங்கிலாந்திலும் யூ மரம் உண்டு; இன்றும் பழைய தேவாலயத் தோட்டங்களில் அதைக் காணலாம். ஆனால் அது பெரும்பாலும் கணு மிகுந்தும் முறுக்கேறியும் வளர்ந்தது. விலையே இதைச் சொல்லும். 1566-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வெளிநாட்டு யூ மரத்தாலான உயர்ந்த வில்லுக்கு 6 ஷில்லிங் 8 பென்னி என்றும், உள்நாட்டு யூ மர வில்லுக்கு 2 ஷில்லிங் என்றும் உச்ச விலை வகுத்தது. எனவே மரம் வெளியிலிருந்து வர வேண்டியதாயிற்று. யூ வில்கட்டைகள் இறக்குமதியானதற்கு 1294-ஆம் ஆண்டிலேயே ஆவணம் உண்டு.

தேவை வளர வளரச் சட்டங்களும் வளர்ந்தன. 1472-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வில்கட்டை விளையும் நாடுகளிலிருந்து வரும் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்கட்டைகளைக் கொண்டுவர வேண்டும். அதுவும் போதவில்லை. நூறு கட்டைகள் சுமார் இரண்டு பவுனுக்கு விற்ற காலம் போய், எட்டுப் பவுன் ஆகிவிட்டது என்று 1484-ஆம் ஆண்டுச் சட்டம் முறையிட்டது. மால்ம்சி என்னும் மதுவைக் கொண்டுவரும் வணிகர்கள், பீப்பாய் ஒன்றுக்குப் பத்து வில்கட்டைகளையும் கொண்டுவர வேண்டும் என்று அது விதித்தது. 1510-இல் வெனிஸ் வணிகர்கள் நூறு கட்டைகளுக்குப் பதினாறு பவுன் பெற்றனர்.

உள்நாட்டில் சிக்கன நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. 1541-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வசதி படைத்த குடும்பத்தினர் நீங்கலாக, 17 வயதுக்கு உட்பட்டோர் யூ வில்லால் எய்யக் கூடாது. வில் செய்வோர் எல்ம், ஆஷ், ஹேசல் போன்ற மட்டமான மரங்களாலும் வில் செய்து விற்க வேண்டும். பயிற்சிக்கு மட்ட மரம், போருக்கு யூ மரம் என்பது கொள்கை.

ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் வெட்டப்பட்ட கட்டைகள் ஆற்று வழியாகக் கடலை அடைந்து இங்கிலாந்து சென்றன. வெட்டும் உரிமையை அரசர்கள் வணிகர்களுக்கு ஏகபோகமாக வழங்கி வருவாய் பெற்றனர். ஆனால் ஒரு மரத்திலிருந்து சில நல்ல கட்டைகளே தேறும். வெட்டிய இடத்தில் அதே தரமுள்ள மரம் மறுபடி உருவாக நூறாண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம். வாங்குவோரின் அவசரத்துக்கும் மரத்தின் வளர்ச்சிக்கும் பொருத்தமே இல்லை.

எச்சரிக்கைக் குரல் எழாமல் இல்லை. 1507-ஆம் ஆண்டிலேயே, யூ மரம் வெட்டுவதை நிறுத்துமாறு புனித ரோமானியப் பேரரசர் பவேரியக் கோமகனைக் கேட்டுக்கொண்டார். வருவாய் பெரிதாக இருந்ததால் வெட்டு நிற்கவில்லை. 1562-இல் பவேரிய அரசே பேரரசருக்கு நீண்ட விண்ணப்பம் ஒன்றை அனுப்பியது. யூ மரங்களைத் தேடித் தேடி வெட்டுவதால் காட்டின் மேற்கவிகை உடைகிறது என்றும், அந்த இடைவெளியில் காற்றுப் புகுந்து அண்டையிலுள்ள மரங்களையும் சாய்க்கிறது என்றும் அதில் விளக்கப்பட்டிருந்தது. காட்டில் ஒரு மரம் மற்ற மரங்களோடு பிணைந்து வாழ்கிறது என்னும் சூழலியல் உண்மையை, அச்சொல் பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அவ்விண்ணப்பம் சுட்டிக் காட்டியது.

காலம் கடந்துவிட்டது. 1568-இல் சாக்ஸனியில் ஏகபோக உரிமை கோரப்பட்டபோது அது வழங்கப்படவில்லை. வெட்டுவதற்கு மரமே இல்லை. அடுத்த ஆண்டு பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் இதே நிலை. துப்பாக்கியும் வளர்ந்துகொண்டிருந்தது. வில்லைப் பயில ஆண்டுகள் வேண்டும். துப்பாக்கியைச் சில வாரங்களில் பயிலலாம். 1595-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் உள்நாட்டுப் பயிற்சிப் படையில் வில்லுக்குப் பதில் துப்பாக்கியே கொள்ள வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. வில் போயிற்று, ஆனால் காட்டில் யூ மரம் பழைய நிலையை அடையவில்லை. பிற்காலத்தில் கால்நடைகளுக்கு நஞ்சு என்று வெட்டப்பட்டதும், இளங்கன்றுகளை மான்கள் மேய்ந்ததும் இதற்குத் துணைக் காரணங்கள். இன்று ஜெர்மனியில் அது அரிய, பாதுகாக்கப்பட்ட மரம். பவேரியாவில் பேட்டர்ட்செல் என்னும் இடத்தில் 2,000-க்கும் மேற்பட்ட யூ மரங்கள் உள்ள சிறு காடு ஒன்று போற்றிக் காக்கப்படுகிறது.

மீண்டும் அதே மரம்

இவ்வரலாறு இத்துடன் முடியவில்லை. கிரேக்க மொழியில் வில்லுக்கு 'டாக்ஸன்' என்று பெயர். நஞ்சைக் குறிக்கும் 'டாக்சின்' என்ற சொல் அதிலிருந்து, அம்பு நனைக்கும் நஞ்சு என்ற பொருள் வழியாக வந்தது. யூ மரத்தின் நஞ்சுத் தன்மை இருபதாம் நூற்றாண்டில் வேறு வகையில் பயன்பட்டது. அமெரிக்காவின் பசிபிக் கடற்கரைக் காடுகளில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து டாக்ஸால் என்னும் பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1971-இல் வெளியிட்டனர். மன்ரோ வால் என்பவரும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானி என்பவரும் அந்த ஆய்வை நடத்திய முதன்மையானோர். அது புற்றுநோய்ச் செல்கள் பிரிந்து பெருகுவதைத் தடுத்தது. 1992-இல் சூலகப் புற்றுநோய்க்கு மருந்தாக அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது.

உடனே பழைய இடர் திரும்பி வந்தது. ஒரு நோயாளிக்கே பல மரங்களின் பட்டை தேவைப்பட்டது. பட்டை உரித்த மரம் பட்டுப்போகும். நம் இமயமலையில் வளரும் யூ மரத்துக்கும் ஆபத்து நேர்ந்தது. அதன் பன்னாட்டு வணிகம் 1995-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கை ஒன்றால் கட்டுப்படுத்தப்பட்டது. அந்த மரம் இன்றும் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

எனினும் இம்முறை ஒரு வேறுபாடு உண்டு. பிரான்சு நாட்டில் பியர் போட்டியேயின் தலைமையிலான வேதியியலார், ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து ஒரு மூலப்பொருளைப் பிரித்து, அதைக் கொண்டு டாக்ஸாலை உருவாக்கும் வழியைக் கண்டனர். இலையைக் கிள்ளினால் மரம் சாகாது, மறுபடி துளிர்க்கும். பின்னர் யூ மரத்தின் செல்களைத் தொட்டியில் வளர்த்தே மருந்து எடுக்கும் முறையும் வந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் மரத்தின் சிறப்பை அறிந்தவர்கள் வில் செய்யும் கைவினைஞர்கள். ஆபத்தை அறிந்தவர்கள் காட்டை ஆண்ட அதிகாரிகள். இரு அறிவும் அன்று ஒன்று சேரவில்லை. பொருளின் பண்பை ஆராய்வதோடு, அப்பொருள் எவ்வளவு உள்ளது, எவ்வளவு காலத்தில் மறுபடி விளையும் என்பதையும் சேர்த்து ஆராயும்போதுதான் அறிவு முழுமை பெறுகிறது. அடுத்த முறை ஒரு தம்பியோ தங்கையோ மூங்கில் பத்தையை வளைத்து வில் செய்வதைக் கண்டால், முதுகு எது, வயிறு எது என்று காட்டிக் கொடுங்கள். மூங்கில் சில ஆண்டுகளிலேயே முற்றி, வெட்டிய தூரிலிருந்தே மீண்டும் தழைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.